சக்கர நாற்காலிப் படத்தின் மேல் பைக்குகள்

அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக வண்டி நிறுத்தும் இடம் இருக்கிறது. தரையில் சக்கர நாற்காலிப் படம்கூட வரைந்திருக்கிறார்கள். அதன்மேல் எப்போதும் பைக்குகள். கேட்டால், "ஸ்டாஃப் வண்டி சார், நீங்க பேஸ்மென்ட்ல போடுங்க" என்கிறார் செக்யூரிட்டி அண்ணன். அவர் என்ன செய்வார், பாவம்.

சரி, வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போகலாம் என்றால், அதுவரை அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? பின்னால் ஹாரன் வேறு. சிகிச்சை முடிந்து திரும்பும்போது இன்னும் மோசம். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், நிற்கவே முடியாது.

மத்திய அரசின் வழிகாட்டுதல்படி இந்த இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், அதுவும் நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். அந்த அகலம் சும்மா போட்டதில்லை. கார் கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, ஆளை மெல்ல நகர்த்தி உட்காரவைக்க அவ்வளவு இடம் வேண்டும். பேஸ்மென்டில் இரண்டு கார்களுக்கு நடுவே கதவு பாதிதான் திறக்கிறது.

இதற்குக் கட்டணம் மணிக்கணக்கில்! நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருப்பவர்களுக்கு ஏதாவது சலுகை உண்டா என்று கேட்டேன். பில்லைக் கிழித்துக் கையில் கொடுத்தார்கள்.