விரல் தட்டும் வேகம்

ஆந்திராவில் நகரிப் பக்கம் ஓர் ஏஆர்டி மையத்தில், அதாவது எச்ஐவி தொற்று உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் மையத்தில், கவுன்சிலராக இருந்தேன். பதிவேடெல்லாம் தெலுங்கில். வருபவர்களில் பலருக்கு வீட்டில் தமிழ்.

அவர் விசைத்தறிக்காரர், வயது 61. அரசு 2004-ல் இலவசச் சிகிச்சையைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மாத்திரைக்கு வந்தவர். ரத்தத்தில் வைரஸ் பல வருடமாகக் கட்டுக்குள். ஒரு மாதம் டப்பாவில் மாத்திரை கூடுதலாக மிஞ்சியிருந்தது. "என்னண்ணா, இத்தனை வருஷம் கழிச்சு அலட்சியமா?" என்று கடிந்துவிட்டேன்.

"போட்டேனா இல்லையான்னே தெரியல தம்பி. தறியிலயும் அப்படித்தான். இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியுது. கை போய் நிறுத்துறதுக்குள்ள ரெண்டு விரக்கடை ஓடிடுது."

நான் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தன் மூளையைத் தறியில் அளந்துவிட்டு வந்திருந்தார்.

எச்ஐவி மூளையை மந்தமாக்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. நான்கு சொற்களைச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் 5 விநாடியில் எத்தனை முறை தொடுகின்றன என்று எண்ண வேண்டும். அப்புறம் மேசைமேல் கையை முஷ்டி, விரித்த உள்ளங்கை, பக்கவாட்டு என்று மாற்றி மாற்றி வைக்கச் சொல்ல வேண்டும். மொத்த மதிப்பெண் 12, பத்தோ அதற்குக் கீழோ வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அவருக்கு 6.

சொற்களைத் தெலுங்கில் கேட்டிருந்தோம்! சில வாரம் கழித்துத் தமிழில் கேட்டபோது நான்கும் வந்தன. ஆனால் விரல் அதே ஒன்பது முறைதான் தொட்டது. விரலுக்கு எந்த மொழியில் சொன்னால் என்ன? மொத்தம் 8.

தொற்று வந்த சில வாரங்களிலேயே வைரஸ் மூளைக்குள் போய்விடுகிறது. மாத்திரை ரத்தத்தில் அதை அடக்கினாலும், எல்லா மருந்தும் மூளைக்குள் ஒரே அளவு போவதில்லை. உள்ளே லேசான அழற்சி வருடக்கணக்கில் நீடிக்கலாம். வயதும் சர்க்கரையும் பீடியும் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன. அவருக்கு மூன்றும் இருந்தன. முன்பு பார்த்த கடும் மறதிநோய் இப்போது அபூர்வம். மிஞ்சுவது இந்த மந்தம்: ஆளை மறப்பதில்லை, யோசனையும் கையும் தாமதமாகின்றன.

டாக்டர் சர்க்கரைக்கு மருந்தை மாற்றினார். ஏழு அறை மாத்திரைப் பெட்டி கொடுத்தேன். "மருமகளுக்குத் தெரியாதே, பார்த்தா கேட்பாளே" என்று தயங்கியவர், சர்க்கரை மாத்திரையையும் அதிலேயே போட்டுவிடலாம் என்று தானே வழி சொன்னார். தறியை மகனிடம் விட்டுவிட்டுத் தார் சுற்ற, அதாவது தறிக்கான குழலில் நூல் சுற்ற, உட்கார்ந்தார்.

சோதனைத் தாளில் தெலுங்குச் சொற்களுக்குப் பக்கத்தில் நாய், தொப்பி, அவரை, சிவப்பு என்று பேனாவால் எழுதி வைத்தேன். அடுத்து வந்த அச்சுத் தாளில் அது இல்லை. மறுபடி எழுதினேன்.