போனோ ஸ்டேஜ் முதலில், ப்ரீஆம்ப் பிறகு

இசைத்தட்டு கேட்கும் நண்பர்கள் பலர் ஒலியளவைக் கட்டுப்படுத்தி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் ப்ரீஆம்பை மாற்றவே முதலில் விரும்புகிறார்கள். பணம் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம், இசைத்தட்டிலிருந்து வரும் மெல்லிய மின்சமிக்ஞையைப் பெருக்கும் போனோ ஸ்டேஜ் என்பதே என் உறுதியான கருத்து. சிடி பிளேயர் ஏறத்தாழ 2 வோல்ட் தருகையில், மூவிங் மேக்னெட் (காந்தம் அசையும்) வகைக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம், தருவது வழக்கமாக 4 அல்லது 5 மில்லிவோல்ட் மட்டுமே. மூவிங் காயில் (கம்பிச்சுருள் அசையும்) வகையில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டைத் தாண்டுவதில்லை. அவற்றை முறையே சுமார் 100 மடங்கும் 1000 மடங்கும் பெருக்குவதோடு, தட்டில் பதியும்போது குறைக்கப்பட்ட தாழ் ஒலிகளை உயர்த்தி, கூட்டப்பட்ட மேல் ஒலிகளைத் தணித்து, ஆர்ஐஏஏ வளைவு என்னும் பொதுத் தரத்தின்படி சமன்செய்வதும் இந்தச் சிறு பெட்டியின் பொறுப்பு. இங்கே கலந்துவிடும் இரைச்சலைப் பின்னால் வரும் எவ்வளவு விலையுயர்ந்த ப்ரீஆம்பாலும் பிரித்தெடுக்க இயலாது.

கேபிளும் போனோ ஸ்டேஜின் உள்ளீடும் மின்னேற்றத்தைத் தேக்கும் அளவான மின்தேக்குத்திறனைப் பலர் கவனிப்பதேயில்லை. என்னிடமுள்ள ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோஓம் சுமையும் (போனோ ஸ்டேஜின் உள்ளீட்டு மின்தடை), கேபிளையும் சேர்த்து 100 முதல் 200 பிகோஃபாரட் மின்தேக்குத்திறனும் பரிந்துரைக்கப்படுகின்றன. பழைய போனோ ஸ்டேஜின் உள்ளீடு மட்டுமே 220 பிகோஃபாரட் என்பதால், பெண்குரலில் 'ஸ', 'ச' ஒலிகள் கூர்மையாகச் சீறின. இந்த மின்தேக்குத்திறனை மாற்றியமைக்கும் வசதியுள்ள போனோ ஸ்டேஜ் ஒன்றை வாங்கி, மிகக் குறைந்த நிலையில் வைத்ததும் அந்தச் சீறல் அடங்கி, வயலினின் வில் கம்பியில் உராயும் நுண்ணொலி தெளிவாகக் கேட்டது. அந்தத் தெளிவுக்காகவே இச்செலவை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இப்போதிருக்கும் ப்ரீஆம்ப் இரைச்சலின்றி இயங்குகிற வரையில், புதியது காத்திருக்கலாம்.