இரண்டு காந்தாரமும் ஒரு கோமாளியும்: பியானோ கிரேடு தேர்வு அனுபவம்

நேற்றுதான் ரிசல்ட் வந்தது. 150க்கு 121. வெறும் தேர்ச்சிக்கு மேல்படியான மெரிட்டுக்கு 120 வேண்டும், தப்பித்தேன். எட்டு வயதுப் பிள்ளைகளோடு வராந்தாவில் உட்கார்ந்து காத்திருந்த 39 வயது ஆளுக்கு இதுவே பெரிது.

மற்ற இரண்டு உருப்படிகளும் தொந்தரவு தரவில்லை. என்னைப் படுத்தியது ரஷ்ய இசையமைப்பாளர் கபலேவ்ஸ்கியின் 'கோமாளிகள்'. 1944இல் அவர் குழந்தைகளுக்காக எழுதிய 24 உருப்படிகளில் (ஓபஸ், அதாவது படைப்பு எண், 39) இருபதாவது. ஒரு நிமிடம்கூட ஓடாது. எனக்கு ஐந்து மாதம் ஆனது.

வலது கையில் சி ஷார்ப் (சி-க்கு அடுத்து மேலே உள்ள கறுப்புக் கட்டை) வரும், கொஞ்சம் தள்ளி வெறும் சி வரும். பளிச்சென்ற மேஜரா, வாட்டமான மைனரா என்று காது முடிவு செய்வதற்குள் மறுபடி மாறிவிடும். குறும்பே அதுதான். நானோ ஒவ்வொரு ஷார்ப்பையும் பென்சிலால் வட்டமிட்டு, தாளுக்கு அம்மை போட்டதுபோல் ஆக்கிவைத்திருந்தேன். தினமும் அதே இடத்தில் விரல் வழுக்கும்.

அப்புறம் ஒருநாள் சின்ன வயதில் கற்ற கர்நாடகப் பாட்டு கைகொடுத்தது. ஏ என்ற சுரத்தை ஸட்ஜமாக ('ஸ'வாக) வைத்தால் சி ஷார்ப் அந்தர காந்தாரம் (மேல் 'க'), சி சாதாரண காந்தாரம் (அதற்குக் கீழ் 'க'). அவ்வளவுதானே! ஏ-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு காந்தாரத்தையும் மாற்றி மாற்றி ஒரு வாரம் பாடினேன், வாசிக்கவே இல்லை. எட்டாம் நாள் விரல் தானாகப் போனது. பாட வராதவர்கள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

மற்றபடி:

- இடது கையைத் தனியாக, மனப்பாடமாகும் வரை.
- ஸ்டக்காட்டோ (சுரங்களைத் துண்டு துண்டாக வாசிப்பது) என்றால் குத்துவது இல்லை. தோசைக்கல் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அந்த வேகத்தில் எடுக்க வேண்டும்.
- நடுப்பகுதி வேறு சுருதிக்குப் போய்த் திரும்பும். பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.
- சைட் ரீடிங்குக்கு (முன்பின் பார்க்காத தாளை வாசித்துக் காட்டுவது) முன் தரும் அரை நிமிடத்தில் சும்மா முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். வாசித்துப் பார்க்கலாம், அனுமதி உண்டு.

இவ்வளவும் தெரிந்தும் கோமாளிகளுக்கு 30க்கு 23தான் வந்தது. காரணம் வேகம். ஏசி குளிரில் விரைத்த விரல்களோடு, பதற்றத்தில் வீட்டு வேகத்தைவிடக் கூடுதலாக எடுத்துவிட்டேன். முதல் வரி பறந்தது. நடுப்பகுதியில் இடது கை பின்தங்கி, வலது கை அதற்காகக் காத்திருந்தது. தேர்வாளர் எழுதிய குறிப்பிலும் அதே குறைதான். உள்ளதிலேயே கடினமான இரண்டு தாளக் கட்டங்களை மனதுக்குள் ஓடவிட்டு, அந்த வேகத்தில் முதல் சுரத்தைத் தொட்டிருக்க வேண்டும்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அடுத்து உள்ளே போன சிறுமி அதே கோமாளிகளை ஆரம்பித்தாள். கதவருகே நின்று கேட்டேன். என்னைவிட மெதுவாகத்தான் எடுத்தாள்.