இடுக்கில் உரிந்த பிரைமர்: மிச்சமிருந்த காஸ்டிக் செய்த வேலை

அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர் ஒன்றின் பெயின்ட்டைக் காஸ்டிக் பேஸ்ட்டால் (காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரம்) கழற்றி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்தாயிற்று. வெளிமுகத்தில் பிரைமர் கல்லு மாதிரி பிடித்திருக்கிறது. உள்ளே, தூணுக்கும் தூணுக்கும் நடுவில், இரண்டே நாளில் தோலாக உரிகிறது. நகம் கொடுத்தால் விரல் நீளத்துக்குக் கழன்று வருகிறது. அடிப்பக்கம் சோப்பு மாதிரி வழுக்குகிறது. பத்துப் பிரிவு வார்ப்பிரும்பு ரேடியேட்டரில் ஆறு பிரிவுக்கு இதே நிலை.

அந்த வழுக்கலே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பழைய ஆளிவிதை எண்ணெய் பெயின்ட்டைக் காஸ்டிக் பேஸ்ட் சோப்பாக்கித்தான் கழற்றுகிறது. வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் கொஞ்சம் காஸ்டிக் தங்கினாலும் போதும், மேலே பூசும் ஆல்கைட் (எண்ணெய் சார்ந்த பிசின்) பிரைமரையும் அதேபோல் சோப்பாக்கிவிடும். ஈரத்துணியால் இரண்டு முறை துடைப்பது வெளிமுகத்துக்குச் சரி. இடுக்குக்கு அது துடைத்த கணக்கே இல்லை.

இப்போது செய்வது இது. 5 செ.மீ. அகலப் பருத்தித் துணிப்பட்டையை இடுக்கில் நுழைத்து, இரு முனையையும் பிடித்து, தயிர் கடைகிற மாதிரி மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீர், நாலைந்து முறை. பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அதன்பின் மறுபடியும் வெறும் தண்ணீர். வினிகர் தங்கினால் துருப் பிடிக்கும். ஈரம் இருக்கும்போதே, அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பிஎச் தாளை ஒற்றிப் பார்க்கவும். 7, 8 என்றால் சரி. 9 காட்டினால் காஸ்டிக் இன்னும் இருக்கிறது, முதலிலிருந்து கழுவ வேண்டும். ஒற்ற வேண்டிய இடம் நடுத்தூண் அல்ல, பிரிவுகள் சேரும் கீழ்த்தோள். தண்ணீர் வடிந்து நிற்பது அங்கேதான். தாள் வாங்கும்போது 6 முதல் 10 வரை நெருக்கமாகக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். 1–14 தாளில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நிறம் பிரிவதில்லை.

கழுவிய இரும்பு சீக்கிரமே செம்மை பூக்கும். ரேடியேட்டரை லேசாகச் சூடாக்கி உலர்த்தி, முழுக்க ஆறவிட்டு, அன்றைக்கே துத்தநாக பாஸ்பேட் பிரைமர்.

பழைய பெயின்ட்டில் நச்சான ஈயம் இருக்கலாம் என்பது நம்மவர்களுக்குத் தெரியும், சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சோதனைக் குச்சியை மேற்பூச்சில் தேய்த்துவிட்டு 'ஈயமில்லை' என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் அது அடி அடுக்கில்தான் இருக்கும். இரும்பு தெரியும்வரை சாய்வாக வெட்டி எல்லா அடுக்கையும் தொட வேண்டும். இடுக்கு கழுவிய தண்ணீரும் துணிப்பட்டையும் ஈயக் கழிவுதான். உலர்ந்த பரப்பில் சாண்ட்பேப்பர் வேண்டவே வேண்டாம். இடுக்கில் உரிந்த பிரைமரைக்கூட நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். நுண்தூசி வடிகட்டும் பி100 முகமூடி, தரையில் தடித்த பாலித்தீன், கடைசியில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வேக்யூம்.

வெள்ளிப்பூச்சு அடித்த ரேடியேட்டர் என்றால் இன்னொரு விஷயம். அது அலுமினியத் தூள்; காஸ்டிக் பட்டதும் ஹைட்ரஜன் நுரைத்து, பேஸ்ட்டின் மேல் மூடிய பிளாஸ்டிக் தாள் உப்பும். சன்னலைத் திறந்து, நெருப்பைத் தள்ளி வையுங்கள். அந்த அடுக்கை மட்டும் முதலில் பென்சைல் ஆல்கஹால் ரிமூவரால் எடுப்பது நல்லது. டைக்ளோரோமீத்தேன் ரிமூவர் பக்கம் போகாதீர்கள். மூடிய அறையில் ஆளையே கொன்றிருக்கிறது.

மேற்பூச்சுக்குச் சாதாரண எனாமல்தான் திட்டம். உலோகத்தூள் பூச்சு கடைசி அடுக்காக வந்தால் வெப்பக் கதிர்வீச்சு குறையும். அடியில் இருந்தால் பாதகமில்லை. அடுத்த ரேடியேட்டரைக் கழற்றிப் படுக்க வைத்தே கழுவ வேண்டும், தோளில் தண்ணீர் நிற்காது. இதில் நாலு பிரிவு தேறிவிட்டது. ஐந்தாவதின் கீழ்த்தோள் மூன்று சுற்றுக்குப் பிறகும் 9 காட்டுகிறது.