பாரிமுனையில் குடியிருந்த பதினோரு நாட்டு அதிகாரிகள்

முகவரிப் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. இந்தியாவில் பயிற்சி பெற எங்கள் இணையதளத்தில் விண்ணப்பித்திருந்த உகாண்டாக்காரர், ஜிம்பாப்வேக்காரர், இன்னும் ஒன்பது நாட்டு அதிகாரிகள், எல்லாருக்கும் ஒரே பின்கோடு: 600001. அதாவது எங்கள் கணக்குப்படி இவர்கள் அத்தனை பேரும் சென்னை பாரிமுனையில் குடியிருக்கிறார்கள்.

தப்பு என்னுடையதுதான். பின்கோடு பெட்டியைக் கட்டாயமாக்கி, ஆறு இலக்கம் இருந்தால்தான் மேலே போகும் என்று வைத்திருந்தேன். போதாததற்கு, பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் 'உதாரணம்: 600001' என்று வேறு எழுதியிருந்தேன். அஞ்சல் குறியீடே புழக்கத்தில் இல்லாமல், தபால் பெட்டி எண்ணை மட்டும் வைத்துக் காலம் தள்ளும் ஊர்களில் இருந்து விண்ணப்பிக்கிறவர் வேறு என்ன செய்வார்? உதாரணத்தையே அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்தியா பிற நாடுகளுக்குச் செய்யும் உதவி என்றால் அணை, சாலை, கடன் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். ஆனால் 1964 செப்டம்பரில் தொடங்கிய ஐடெக் என்ற திட்டம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது. 160-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நடுத்தர நிலை அதிகாரிகள் வருவார்கள். விமானச் செலவு, தங்குமிடம், பயிற்சிக் கட்டணம், கைச்செலவுப் பணம் எல்லாம் இந்திய அரசினுடையது. நம் ஊரிலேயே தரமணியில் உள்ள தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும், பள்ளிக்கரணை காற்றாலை ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த வகுப்புகள் நடந்திருக்கின்றன. நான் செய்தது ஐடெக் தளம் இல்லை. அதே மாதிரியான சிறிய திட்டம் ஒன்றின் தளம், அதுவும் துணை ஒப்பந்தத்தில். பெயர் வேண்டாமே.

இன்னொன்று. தளத்தில் 'உதவி' என்ற சொல்லை நான் எழுதிய இடத்திலெல்லாம் திட்டக்காரர்களிடமிருந்து சிவப்பு மையில் அடித்து 'கூட்டாண்மை' என்று மாற்றி வந்தது. முதலில் சிரிப்பாக இருந்தது. வாங்குகிற பக்கம் இருந்து யோசித்தபோது, அடித்தவர் மேல் மரியாதை வந்தது.

பின்கோடு கதைக்குப் பிறகு, தளத்தை யாருக்காகச் செய்கிறோமோ அவர்களையே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அவர்கள் எத்தியோப்பியாவிலா இருக்கிறார்கள்? நான்கு கிலோமீட்டரில், பயிற்சி நிறுவனத்துக் கேன்டீனில் சாம்பார் சாதத்தை எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அனுமதி வாங்கி, மூன்று நாள் மாலை டீ நேரத்தில் போய் உட்கார்ந்தேன். 'உங்கள் போனிலேயே மறுபடி ஒருமுறை விண்ணப்பியுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு நோட்டும் பேனாவுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஆள் இந்தோனேசியர். அவருக்குப் பெயரே ஒற்றைச் சொல்தான். 'குடும்பப் பெயர்' பெட்டியில் புள்ளி வைத்தார், 'எழுத்துகள் மட்டும்' என்றது தளம். கோடு போட்டார், அதற்கும் அதே பதில். சலிக்காமல் தன் பெயரையே இரண்டாம் முறை அடித்தார். போன தடவையும் அப்படித்தான் செய்தாராம். அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார், ஒரே பெயர் இரண்டு முறை அச்சாகியிருந்தது.

அடுத்து எத்தியோப்பியப் பெண்மணி ஒருவர். 'இது என் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர். மூன்றாவதாக இருப்பது தாத்தா பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது' என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கதையும் அதுதானே! பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறி, விமான நிலையம் தோறும் 'மிஸ் கந்தசாமி' என்று அழைக்கப்படுகிறவள் நான். அப்பாவைக்கூட யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு முதற்பெயர் தெரியவில்லை என்று 'எஃப்என்யூ' போட்டு வைப்பதைப் பார்த்து நண்பர்களோடு கேலி பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் கல்லூரி விண்ணப்பம் ஒன்றிலிருந்து படிவத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, அதே அநியாயத்தை மற்றவர்களுக்குச் செய்திருக்கிறேன்.

பெயரை விட மோசம் பிடிஎஃப். விண்ணப்பத்தை அச்செடுத்து, மேலதிகாரி கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, மறுபடி பதிவேற்ற வேண்டும். உச்ச வரம்பு 1 எம்பி. போனில் படம் பிடித்தால் 4 எம்பி வருகிறது. ஒருவர் இதற்காகவே பேருந்தில் மூன்று மணி நேரம் போய், நகரத்து இன்டர்நெட் கடையில் சுருக்கிப் பதிவேற்றியிருக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் கோபமே இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அப்புறம் ஓடிபி. எஸ்எம்எஸ் வெளிநாட்டு எண்ணுக்குப் போய்ச் சேருவதற்குள் பத்து நிமிடக் கெடு முடிந்துவிடும். அதை மின்னஞ்சலுக்கு மாற்றினோம், அரை நாள் வேலை.

படத்தைப் போனிலேயே, அனுப்புவதற்கு முன்பே சுருக்கும்படி மாற்றினேன். நாலு எம்பி வருவது 300 கேபிக்குள் அடங்குகிறது, முத்திரை எழுத்தும் படிக்க முடிகிறது. பாதியில் நிறுத்திவிட்டு விண்ணப்ப எண்ணைக் கொண்டு திரும்ப வரலாம். கையெழுத்துக்கு இரண்டு வாரம் அலைகிறவரை, முன்பு போலப் பதினைந்து நிமிடத்தில் தளத்தை விட்டு வெளியேற்றுவது என்ன நியாயம்? பெயருக்கு ஒரே பெட்டி, 'பாஸ்போர்ட்டில் உள்ளபடி'. விமான டிக்கெட் போடுகிறவர்களுக்கு இரண்டு பெட்டி வேண்டும் என்றார்கள். சரி, கீழே தனியாக வைத்து, 'எனக்கு ஒரே பெயர்தான்' என்று டிக் செய்ய ஓர் இடமும் கொடுத்தேன்.

முகப்புப் பக்கத்தில்தான் பாதி தோற்றேன். குத்துவிளக்கு ஏற்றும் படங்கள் ஐந்து மாறி மாறி ஓடியாக வேண்டும் என்றார்கள். பக்கம் 6 எம்பி கனத்தது. இந்திய அரசுத் தளங்களுக்கென்று 2009 முதலே வழிகாட்டு நெறிகள் உண்டு, 2023-இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. பார்வைக் குறையுள்ளவரும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்பது அதில் அடிப்படை. தானாக ஓடும் படத்தை நிறுத்த ஒரு பொத்தானாவது வேண்டும் என்று அதைக் காட்டி வாதாடினேன். கடைசியில் ஓடாத ஒரே படம், 70 கேபி. குத்துவிளக்குதான்.

புதிய படிவத்தில் பின்கோடு கட்டாயம் இல்லை. உதாரணத்தையும் எடுத்துவிட்டேன். பழைய பதிவுகளை நாங்களாகத் திருத்தக்கூடாதாம், எழுத்தில் அனுமதி வேண்டும். கடிதம் போட்டு ஐந்து மாதம் ஆகிறது. அதுவரை அவர்கள் பாரிமுனையில்தான் இருப்பார்கள்.