ரோபோக்களுக்கு நடுவே ஒரு விசில்: ஐன்ட்ஹோவன் நாட்குறிப்பு

16 ஜூலை 2024, செவ்வாய்

கருப்புப் பேன்ட், கருப்பு சாக்ஸ், கருப்பு ஷூ. நடுவராக நிற்பவர்களுக்கு மாலைக் கூட்டத்தில் முதலில் சொன்னது இதைத்தான். வெள்ளை ஷூவோடு மைதானத்துக்குள் கால் வைத்தால், ஏதாவது ஒரு ரோபோ அதைக் கோட்டின் துண்டு என்றோ எதிரணி ஆட்டக்காரர் என்றோ எடுத்துக்கொள்ளும்.

ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் போட்டிக்காக நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் வந்தாயிற்று. பகல் முழுக்க மேசை போடுவதிலும் வயர் இழுப்பதிலும் போனது. எங்கள் அணி ஆடுவது ஸ்டாண்டர்டு பிளாட்ஃபார்ம் லீக். எல்லா அணிக்கும் ஒரே ரோபோ, 58 செ.மீ. உயரமுள்ள நாவோ. உடம்பில் யாரும் எதையும் மாற்றக் கூடாது, வித்தியாசம் எல்லாம் நிரலில்தான். மைதானம் 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், செயற்கைப் புல். 10 நிமிடம் வீதம் இரண்டு பாதி. மேல்பிரிவில் பக்கத்துக்கு 7 ரோபோ. ஆட்டம் தொடங்கிவிட்டால் அணிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

நடுவர்கள் வெளியிலிருந்து வருவதில்லை. ஒவ்வோர் அணியும் தன் ஆட்டம் இல்லாத நேரத்தில் மற்ற ஆட்டங்களுக்கு ஆள் கொடுக்க வேண்டும். நாளை மறுநாள் நம்மோடு மோதப்போகிறவர் இன்று நமக்கு விசில் ஊதுவார். வெளியாட்களுக்கு இது விநோதமாகத் தெரியும். ஆனால் தரையில் கிடக்கும் நாவோ எழுந்திருக்கப் பார்க்கிறதா, செத்துவிட்டதா என்று தூரத்திலிருந்தே சொல்ல, அதோடு ராத்திரி பகலாக மாரடித்தவர்களால்தான் முடியும்.

தலைமை நடுவர் குற்றத்தையும் நிறத்தையும் எண்ணையும் உரக்கச் சொல்வார்: "புஷ்ஷிங், நீலம், நான்கு." மேசையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கேம் கண்ட்ரோலர் என்ற மென்பொருளில் பொத்தானை அழுத்துவார். செய்தி வைஃபை வழியாக ரோபோவுக்குப் போகும். துணை நடுவர் அதைத் தூக்கி வெளியே வைப்பார். 45 விநாடி தண்டனை. அதே அணியின் அடுத்த குற்றத்துக்கு 10 விநாடி கூடும், அதற்கடுத்ததற்கு இன்னும் 10. பிறகு பக்கக் கோட்டோரம், தன் பெனால்டி புள்ளிக்கு நேராக, மைதானத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

கூட்டம் நீண்டதற்குக் காரணம், எதிர்பார்த்தபடியே, புஷ்ஷிங். எது தள்ளல், எது உரசல்? அரைமணி நேரம் பேசி, "நடுவர் பார்த்ததுதான்" என்று முடித்தார்கள். எனக்கு இதில் பூரண சம்மதம். ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

17 ஜூலை, புதன்

இந்த வருடப் புது விதி ஒன்றைக் களத்தில் பார்த்தேன். முன்பெல்லாம் "இடத்துக்குப் போ" என்ற உத்தரவு கேம் கண்ட்ரோலரிலிருந்து உடனே வந்துவிடும். இப்போது நடுவர் நடுக்கோட்டின் முனையில் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்க வேண்டும். அதை ரோபோக்கள் கேமராவில் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பார்க்கத் தவறியவர்களுக்கு வைஃபை உத்தரவு தாமதமாக வரும். அந்தத் தாமதம்தான் அபராதம்.

முதல் ஆட்டத்தில் நான் கையைத் தூக்கியதும் ஒரு பக்கத்து ரோபோக்கள் சட்டென்று நடக்க ஆரம்பித்தன. மற்றப் பக்கம் சிலை மாதிரி நின்றது. அந்த அணியின் கேப்டன் வேலி ஓரமாக வந்து, "உங்களுக்குப் பின்னால் ஒரு பையனும் கையைத் தூக்கினான், அதனால்தான் குழம்பிவிட்டன" என்றார். திரும்பிப் பார்த்தால் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, இன்னும் கையை இறக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறான். பொதுமக்கள் வந்து பார்க்கும் போட்டி, பையன்கள் கையைத் தூக்கத்தான் செய்வார்கள். அதையும் தாண்டி நடுவரைக் கண்டுபிடிப்பது ரோபோவின் பாடு. ஆட்டம் தொடர்ந்தது.

இந்த லீகின் விதிகளை வருடவாரியாகப் பார்த்தால் ஒரு பிடிவாதம் தெரியும். ரோபோவுக்கு இருந்த சலுகைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒரு பக்கத்துக் கோல் கம்பம் நீலம், மறுபக்கத்தது மஞ்சள். 2012இல் இரண்டும் மஞ்சள் ஆனது. தன் கோல் எது, எதிரி கோல் எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாமல், சொந்த வலையிலேயே கம்பீரமாகக் கோல் போட்ட ரோபோக்கள் உண்டு. 2015இல் கோல் வெள்ளையானது. 2016இல் ஆரஞ்சுப் பந்து போய், கருப்பு வெள்ளை நுரைப் பந்து வந்தது. 1997இல் நகோயாவில் முதல் ரோபோகப் நடந்தபோதே குறிக்கோளைச் சொல்லிவிட்டார்கள்: 2050க்குள், ஃபிஃபா விதிப்படி ஆடி, மனிதர்களின் உலகச் சாம்பியனை ரோபோ அணி ஜெயிக்க வேண்டும். அப்படியென்றால் கடைசியில் நடுவரின் கையையும் விசிலையும் நம்பித்தானே ஆட வேண்டும்?

18 ஜூலை, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. ஆனால் இன்று நடந்ததை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

பிற்பகல் ஆட்டம், நான் தலைமை நடுவர். நடுவட்டத்துக்கு அருகே சிவப்பு 2 பந்தின் முன் நின்று, எந்தக் காலால் உதைக்கலாம் என்று எடை மாற்றிக்கொண்டிருந்தது. வலப்பக்கத்திலிருந்து நீலம் 4 வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை, வளையவும் இல்லை. தோள் தோளில் பட்டது. சிவப்பு 2 ஒரு அடி பின்வாங்கியது, கைகளை விரித்தது, மல்லாக்க விழுந்தது. நின்றுகொண்டிருப்பவர் மீது தள்ளல் குற்றம் சுமத்த முடியாது. அது விதியில் தெளிவாக இருக்கிறது. மோதியவர் நீலம் 4. "புஷ்ஷிங், நீலம், நான்கு." இரண்டு விநாடிக்கு மேல் யோசிக்க இதில் ஒன்றுமில்லை.

பாதி நேரத்தில் நீல அணிக்காரர் ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். திரையில் அந்த ரோபோவின் லாக், அதாவது அது கண்டதும் கணக்குப் போட்டதும் பதிவான கோப்பு. "பாருங்கள், எங்கள் ரோபோவின் கணக்கில் சிவப்பு 2 அரை மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இதோ, அதைச் சுற்றிப்போக வளைந்த பாதை போட்டிருக்கிறது. தள்ளும் எண்ணமே இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. லாகில் அப்படித்தான் இருந்தது. பச்சைக் கோடு சிவப்புப் புள்ளியை அழகாகச் சுற்றிப் போகிறது. ஆனால் தோள் போய் இடித்ததே?

"உங்கள் ரோபோ என்ன நினைத்தது என்பது எனக்கு வேண்டாம், என்ன செய்தது என்பதுதான் வேண்டும்" என்றேன். அவருக்கு மனம் ஆறவில்லை. விதிப்புத்தகத்தில் ஆட்ட நேரத்தில் நடுவர் முடிவைப் பற்றி விவாதமே கிடையாது, அணிகளோடும் இல்லை, துணை நடுவர்களோடும் இல்லை. அதை நினைவூட்டினேன். மடிக்கணினியை மூடிக்கொண்டு போனார். போகும்போது அவர் முணுமுணுத்தது ஜெர்மனில்; புரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

இந்த லாக் வாதம் எல்லா வருடமும் வருகிறது. மனிதக் கால்பந்தில் ஆட்டக்காரர் "நான் பந்தைத்தான் குறிவைத்தேன்" என்று இரண்டு கைகளையும் விரிப்பார். மண்டையைத் திறந்து பார்க்க வழியில்லாததால் நடுவர் காலை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார். இங்கே மண்டையைத் திறந்து காட்ட முடிகிறது, அதுதான் வம்பு. எண்ணம் அச்சடித்த மாதிரி திரையில் கிடக்கிறது. ஆனால் அந்த எண்ணத்தை எழுதியவரே அதற்குச் சாட்சி சொல்கிறார். லாகை ஒரு முறை ஒப்புக்கொண்டுவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு போய் இடிக்கிற ரோபோதான் எப்போதும் நிரபராதி. எதிரியைச் சரியாகப் பார்த்து உரசியவர் மாட்டிக்கொள்வார், பார்க்கவே தெரியாதவர் தப்பிப்பார்.

ரோபோவே இல்லாமல் கணினிக்குள் மட்டும் நடக்கும் சிமுலேஷன் லீகிலும் இந்தச் சிக்கல் உண்டு. அங்கே நடுவர் வேலையைப் பெரும்பாலும் சர்வர் நிரலே பார்த்துக்கொள்கிறது. கோல், அவுட், ஆஃப்சைடு எல்லாம் அதன் கணக்கு. ஆனால் பந்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்பது, வேண்டுமென்றே மறிப்பது போன்றவை ஆட்டக்காரரின் நோக்கத்தைச் சார்ந்தவை, நிரலால் தீர்மானிப்பது கடினம் என்று சர்வர் கையேட்டிலேயே ஒப்புக்கொண்டு, அவற்றுக்கு மனித நடுவர் ஒருவரை வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டக்காரரும் எங்கே நிற்கிறார் என்று துல்லியமாகத் தெரிந்த இடத்திலேயே அப்படி.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நாவோ தானாகவே விழும். பத்து நிமிடம் ஓடினால் கால் மோட்டார்கள் சூடேறி மூட்டு தளர்ந்துவிடும். துணை நடுவராக ஒன்றைத் தூக்கும்போது முழங்கால் பக்கம் கை பட்டால் சுருக்கென்று இருக்கும். அப்படிப்பட்ட ரோபோ விழும்போது பக்கத்தில் எதிரணி நின்றிருந்தால், பார்ப்பவருக்கு அது தள்ளல். இன்று சிவப்பு 2 விழுந்தது அப்படியல்ல. தொட்டபின் பின்வாங்கியது, அதன்பின்தான் விழுந்தது. அந்த ஓர் அடிதான் எனக்குச் சாட்சி.

19 ஜூலை, வெள்ளி

பக்கத்து மைதானத்து விசில்.

ஆட்டம் தொடங்கவும் விசில், கோல் விழுந்தாலும் விசில். கேம் கண்ட்ரோலர் அந்தச் செய்தியை 15 விநாடி வேண்டுமென்றே தாமதித்து அனுப்பும். காதால் கேட்ட ரோபோக்களுக்கு அவ்வளவு நேரம் லாபம். நல்ல விதிதான். ஆனால் மைதானங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இன்று காலை எங்கள் அணி ஆட்டத்திலேயே நடந்தது. பந்து எங்கள் பாதியில். பக்கத்து மைதானத்தில் யாரோ கோல் போட, விசில் கேட்டது. எங்கள் ரோபோக்களில் நான்கு, இங்கேதான் கோல் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டி, முதுகைத் திருப்பிக்கொண்டு மறு தொடக்கத்துக்கு அவரவர் இடத்துக்கு நடந்தன. எதிரணி ரோபோ ஒன்று மட்டும் அமைதியாகப் பந்தை உருட்டிக்கொண்டு போய் வலையில் போட்டது. இப்போது உண்மையான விசில். நாங்கள் யாரிடமும் முறையிடவில்லை. முறையிட விதியில் இடமும் இல்லை.

தீர்வு இல்லாமலில்லை. ஏழு ரோபோக்களும் "நீ கேட்டாயா, எவ்வளவு சத்தமாகக் கேட்டாய்" என்று ஒன்றையொன்று விசாரித்து, பெரும்பான்மை வைத்து முடிவெடுக்கலாம். சில அணிகள் செய்கின்றன. ஆனால் ஓர் அணிக்கு ஆட்டம் முழுவதற்கும் 1200 செய்திகள்தான். விசிலுக்கே செலவழித்தால் பந்து எங்கே என்று சொல்ல மிச்சமிருக்காது. மதியம் சாப்பாட்டை மறந்து இதைத்தான் நோண்டிக்கொண்டிருந்தோம்.

20 ஜூலை, சனி

காலையில் ஆட்டம் இல்லை. சிறிய ரோபோக்களின் லீகை எட்டிப் பார்த்தேன். 18 செ.மீ. விட்டமுள்ள உருளைகள், மேல்பிரிவில் பக்கத்துக்கு 11, பந்து ஆரஞ்சு நிற கோல்ஃப் பந்து. கண் சிமிட்டினால் பாஸ் முடிந்துவிடும். உதைத்த பந்து விநாடிக்கு 6.5 மீட்டரைத் தாண்டினால் குற்றம். எந்த மனித நடுவர் அதைக் கண்ணால் அளப்பார்? மேலே தொங்கும் கேமராக்களின் கணக்கை வைத்து நடுவர் நிரல்கள்தான் சொல்கின்றன. அவற்றையும் அணிகளே எழுதியிருக்கின்றன: ஒன்று மன்ஹைமின் டைகர்ஸ், மற்றொன்று எர்லாங்கனின் ஈஆர்-ஃபோர்ஸ். இரண்டும் அக்கம் பக்கமாக ஓடும்.

சண்டை தீர்ந்ததா என்றால் இல்லை, இடம் மாறியிருக்கிறது. பந்தைத் தூக்கி அடித்தால் அது காற்றில் போகும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு உயரம் நேரடியாகத் தெரியாது. தரையில் உருள்வதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் வேகம் தப்பாக வரும். ஒரு நிரல் குற்றம் என்கிறது, மற்றது இல்லை என்கிறது. கடைசியில் மனிதர்கள்தான் திரையைச் சுற்றி நிற்கிறார்கள். யாரும் நடுவரைத் திட்டவில்லை, எல்லோரும் கேமராவின் அளவுத்திருத்தத்தைத் திட்டினார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பக்கத்திலேயே நடுத்தர அளவு ரோபோக்களின் லீக். உள்ளூர் அணியான டெக் யுனைடெட்டுக்குக் கூட்டம் அள்ளுகிறது. அங்கே பந்து ரோபோவின் உடம்புக்குள் தன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அளவுகோல் வைத்தால் தெரிந்துவிடும் விதி. ஆட்டத்துக்கு முன்பே அளந்துவிடலாம், புண்ணியவான்கள்.

21 ஜூலை, ஞாயிறு

எங்கள் லீகில் பிரெமனின் பி-ஹ்யூமன் கோப்பையை எடுத்துக்கொண்டது. ஆச்சரியப்பட்டவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

நீல அணியின் லாக் நண்பர் காபி வரிசையில் அகப்பட்டார். சிரித்துக்கொண்டே, அடுத்த வருட விதிக்கு ஒரு யோசனை எழுதப்போவதாகச் சொன்னார்: சந்தேகமான தள்ளலுக்கு ஆட்டம் முடிந்தபின் லாகைப் பார்த்துத் தண்டனை எண்ணிக்கையைத் திருத்தலாம். விதிகளைத் திருத்தும் தொழில்நுட்பக் குழுவில் இருப்பவர்களும் அணிக்காரர்கள்தான் என்பதால், இப்படி யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்.

"எழுதுங்கள், நான் எதிர்த்து எழுதுவேன்" என்றேன்.

"அப்படியென்றால் விசிலுக்கு?"

அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. மைதானத்துக்கு மைதானம் வெவ்வேறு சுருதி விசில் கொடுக்கலாம் என்றார் அவர். 2050இல் யார் அப்படிக் கொடுப்பார்கள் என்றேன். சத்தம் வந்த திசையை ரோபோவே கண்டுபிடிக்கட்டும், நாவோவின் தலையில் நான்கு மைக் சும்மாவா இருக்கிறது? அந்த எதிரொலிக் கூடத்தில் அது நடக்காது என்றார். காபி ஆறும் வரை இதே பேச்சுதான். கடைசியில் இந்த மண்டபத்தில் பதிவு செய்த விசில் ஒலிகளை இரண்டு அணிகளும் பகிர்ந்துகொள்வது என்று முடிவானது. அவர்களிடம் எங்களைவிட நிறைய இருக்கிறது. நாளை காலை ஹார்டு டிஸ்கோடு வரச் சொல்லியிருக்கிறார்.