தாடை விலகிய மீனுக்குக் கஞ்சி ஊட்டிய நாற்பது நாட்கள்

ஏப்ரல் இறுதியில் ஒரு நள்ளிரவு. ஒன்றரை மணி நேரம் நின்றிருந்த மின்சாரம் இரண்டே முக்காலுக்குத் திரும்பியது. மின்விசிறி சுழலத் தொடங்கிய அதே நொடியில் கூடத்திலிருந்து ‘டொம்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியை யாரோ உள்ளங்கையால் அறைந்தது போல. ஓடிப் போய்ப் பார்த்தேன். இருட்டில் இருக்க வேண்டிய ஆறடிக் கடல்மீன் தொட்டி பட்டப்பகல் போல் எரிந்துகொண்டிருந்தது. விளக்கின் டிஜிட்டல் டைமருக்குள் இருக்கும் சிறு பேட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருக்கிறது. மின்சாரம் வந்ததும் டைமர் நேரத்தை மறந்து விளக்கை முழுதாக எரியவிட்டுவிட்டது. பாறை இடுக்கில் உறங்கிக்கொண்டிருந்த செயில்ஃபின் டாங் என்ற மீன் மிரண்டு பாய்ந்து முன்கண்ணாடியில் மோதியிருக்கிறது.

சென்னையில் கடல்மீன் வளர்க்கும் எல்லோருக்கும் மின்வெட்டு பற்றிய பயம் உண்டு. ஏர் பம்ப் நிற்கும், நீரைக் குளிர்விக்கும் சில்லர் நிற்கும், நீர் சூடேறும் என்றுதான் நானும் பயந்திருந்தேன். அதற்காகப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கூட வாங்கி வைத்திருந்தேன். மின்சாரம் திரும்பி வரும் நொடியைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கின் மேல் துணியைச் சுற்றி மங்கலாக்கிப் பார்த்தேன். மீன் பாறைக்குப் பின்னால் தலையைச் சற்றே தூக்கியபடி நின்றது. கீழ்த்தாடை இடப்பக்கம் விலகியிருந்தது. வாய் மூடவில்லை, ஒரு அரிசிமணி நுழையும் அளவுக்குத் திறந்தே இருந்தது. மேலுதட்டில் தோல் கிழிந்து, நனைந்த காகிதத் துணுக்கு போல நீரோட்டத்தில் ஆடியது. ஏழு ஆண்டுகளாக என் வீட்டில் வளரும் மீன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் முதலில் கவனித்தது மூச்சை. மீனுக்கு வாய் உண்பதற்கு மட்டுமான உறுப்பு இல்லை. வாயைத் திறந்து நீரை உள்ளே இழுத்து, மூடி, செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது; வாயும் செவுள்மூடியும் சேர்ந்த ஒரு பம்ப் அது. வாய் மூடாவிட்டால் பம்பின் வலு குறையும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். பதினைந்து நொடியில் செவுள் 34 முறை அடித்தது. உடனே, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை மேலே திருப்பி, நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வைத்தேன். சில்லரை 27 டிகிரியிலிருந்து 25-க்குக் குறைத்தேன், ஒரே மூச்சில் இல்லை, ஒரு நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு. நீர் குளிர்ந்தால் அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் கூடும்.

வழக்கமாக நான் பொருள் வாங்கும் கடையில் கேட்டேன். தாமிர மருந்து போடச் சொன்னார்கள். தாமிரம் வெண்புள்ளி போன்ற ஒட்டுண்ணிகளுக்கான மருந்து. அடிபட்ட புண்ணுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் போட்டால் அவைதான் சாகும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: மீனுக்கு ஏதாவது ஆனால் குப்பியைத் தேடி ஓடுவது நம் எல்லோருக்கும் பழகிப்போன அவசரம்.

மீன்வளம் படித்த அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். படங்களை அனுப்பிவிட்டு, “வேறு தொட்டிக்கு மாற்றிவிடட்டுமா அண்ணா?” என்று கேட்டேன்.

“வலையைத் தொடாதே” என்றார். “டாங்கின் வால் அடியில் கத்தி போல ஒரு முள் இருக்கிறது அல்லவா? அது வலையில் சிக்கும். துள்ளும். வாயும் சிக்கும். பாதி விலகிய தாடையை நீயே முழுதாகப் பிடுங்கிவிடுவாய்.”

கிராம்பு எண்ணெயில் மீனை மயக்கி, பஞ்சுக்குச்சியால் தாடையைத் தள்ளி நேராக்கும் காணொளிகளைப் பார்த்திருந்தேன். அதையும் கேட்டேன். “எலும்பு முறிந்திருக்கிறதா, மூட்டு விலகியிருக்கிறதா, வெறும் வீக்கமா? எக்ஸ்ரே இல்லாமல் உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பதில் என்னிடம் இல்லை. நீர் சுத்தமாக இருந்தால் புண் தானாக ஆறும், தாடை கோணலாகவாவது இறுகும், அதுவரை பட்டினியில் சாகாமல் பார்த்துக்கொள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

கடல்மீனின் புண்ணில் இன்னொரு சங்கடம் உண்டு. கடல்மீனின் உடல்நீரில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதன் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. தோல் கிழிந்த இடத்தில் கசிவு இன்னும் அதிகம். தனித் தொட்டியாக இருந்தால் உப்பைச் சற்றுக் குறைத்து அந்தச் சுமையை இறக்கலாம். பவளத் தொட்டியில் அதற்கு வழியில்லை. உப்பளவைக் காட்டும் நீரின் ஒப்படர்த்தி 1.025-இல் அசையாமல் நிற்கிறதா என்று தினமும் பார்ப்பது மட்டுமே என்னால் முடிந்தது.

மூன்றாம் நாள் காலை உலர்ந்த கடற்பாசித் தாளான நோரியைக் கிளிப்பில் மாட்டினேன். டாங் பகல் முழுவதும் பாசி மேயும் இனம், ஆடு மாதிரி. நோரியைக் கண்டதும் துடுப்பை விரித்துக்கொண்டு வந்தது. வாயை வைத்தது. இழுத்தது. தாடை வழுக்கிக்கொண்டு போனது. நோரி அப்படியே இருந்தது. மறுபடி வந்தது. மறுபடி வழுக்கியது. பதினோரு முறை எண்ணினேன். பிறகு பாறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பசியே இல்லாத மீனைப் பார்ப்பது வேறு. பசியோடு வந்து முடியாமல் திரும்பும் மீனைப் பார்ப்பது வேறு.

அப்போது அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “வாயில் அடிபட்ட பிள்ளைக்கு முறுக்கா கொடுப்பார்கள்? கஞ்சி காய்ச்சிக் கொடு” என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவேயில்லை. கடிக்கத்தான் முடியவில்லை, நீரை உறிஞ்ச முடிகிறதே! உறிஞ்சினாலே உள்ளே போகும்படியான உணவாக இருந்தால் போதும்.

அன்றே அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குப் போய் ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் உயிரியின் முட்டை வாங்கி வந்தேன். கவிழ்த்த பாட்டிலில் உப்புநீர், அடியிலிருந்து காற்று, மேலே ஒரு விளக்கு. சென்னை வெயிலுக்கு ஒரே நாளில் பொரிந்துவிடுகிறது. பொரித்த குஞ்சை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும். அதன் வயிற்றிலிருக்கும் கருவுணவு தீர்ந்துவிட்டால் சத்தும் போய்விடும். ஆனால் டாங்குக்கு இலைதழை முக்கியம். நோரியை வெறும் மிக்ஸியில் பொடித்து, இறால் போன்ற சிற்றுயிரியான மைசிஸை உறைநிலையிலிருந்து உருக்கி அதோடு அரைத்து, வைட்டமின் சொட்டு கலந்து, ஊறவைத்து விழுதாக்கினேன். ஐந்து மில்லி சிரிஞ்சின் முனையில் ஒரு முழ நீளத்துக்கு ஏர்லைன் குழாய். வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு, மீனின் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் மெதுவாக அழுத்தினால் பச்சைப் புகை போல் விரியும்.

முதல் இரண்டு நாள் குழாயைக் கண்டு ஒதுங்கியது. ஐந்தாம் நாள் அந்தப் பச்சைப் புகைக்குள் முகத்தை விட்டு நின்றது. செவுள் அடித்தது. தொண்டை அசைந்தது. கொஞ்சம் செவுள் வழியாக வெளியே போனது, கொஞ்சம் உள்ளே தங்கியது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை இப்படி. அலுவலகம் போகும் நாட்களில் நடுவேளை இரண்டையும் அம்மா பார்த்துக்கொண்டார். என்னைவிடப் பொறுமையாக ஊட்டினார்.

விழுதில் பெரும்பகுதி நீரில்தான் கலந்தது. இதைக் கவனிக்காவிட்டால் தாடையில் பிழைத்த மீன், அது அழுகி உண்டாகும் அம்மோனியாவில் செத்துப்போகும். ஊட்டி இருபது நிமிடம் கழித்து, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரை ஓடவிட்டேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்து சதவீதம் நீர் மாற்றினேன். தினமும் அம்மோனியா சோதனை.

இதற்கிடையில் நான்காம் நாள் உதட்டோரம் சிவந்து, கிழிந்த தோலில் வெள்ளைப் பஞ்சு போல் படர்ந்தது. கடல்மீனில் இப்படித் தெரிவது பெரும்பாலும் பூஞ்சை அல்ல. செத்த தோல், அல்லது பாக்டீரியா. கடல்மீன்களின் வாயை அரிப்பதற்கென்றே பேர் போன டெனாசிபாக்குலம் மாரிட்டிமம் என்ற ஒன்று உண்டு. எனக்கு நானே ஒரு எல்லைக்கோடு போட்டுக்கொண்டேன்: சிவப்பு உதட்டைத் தாண்டிக் கன்னத்துக்குப் போனாலோ, கண் மங்கினாலோ, உடலில் இரத்தத் திட்டு தெரிந்தாலோ மட்டும் ஆன்டிபயாடிக். அதுவும் தனித் தொட்டியில், அண்ணன் சொல்லும் அளவில். ஆன்டிபயாடிக்கைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நீரைச் சுத்தப்படுத்தும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு நாற்பது லிட்டர் தொட்டி ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. ஆறாம் நாள் மாலை கிளீனர் இறால் டாங்கின் முகத்தில் ஏறி உட்கார்ந்து, தொங்கிய வெள்ளைத் தோலைக் கொறித்துக்கொண்டிருந்தது. விரட்டலாமா என்று கை போனது. டாங் அசையாமல் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றதால் விட்டுவிட்டேன். மறுநாள் உதடு சுத்தமாக இருந்தது, சிவப்பும் குறைந்திருந்தது.

அதே தொட்டியிலிருந்த டாம்சல் மீன் ஒன்று மட்டும் பெரும் தொல்லை. பலவீனத்தை மோப்பம் பிடித்துவிட்டதோ என்னவோ, வந்து வந்து இடித்தது. துளையிட்ட அக்ரிலிக் தடுப்பை நடுவில் இறக்கிய பிறகே டாங் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து உலவியது.

எடை பார்க்க வழியில்லாததால் தினமும் காலை எட்டு மணிக்கு ஒரே கோணத்தில் படம் எடுத்தேன். வயிறு உள்வாங்குகிறதா, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை மெலிந்து கத்திமுனை போல் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். வயிறு ஒட்டினால் மீட்டுவிடலாம். முதுகு கரைந்தால் கடினம். பத்தாம் நாள் படத்தில் வயிறு நன்றாக ஒட்டியிருந்தது. முதுகு தாக்குப்பிடித்தது. அந்த ஒரு படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

பன்னிரண்டாம் நாள் விழுதைச் சொரசொரப்பான கல்லில் தடவி, உலர்த்தி, உள்ளே இறக்கினேன். தலையை வலப்பக்கம் சாய்த்து, நல்ல பக்கத்துப் பற்களால் சுரண்டியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவே கண்டுபிடித்த கோணம். மூன்றாம் வாரம் வாய் ஏறக்குறைய மூடியது. பதினைந்து நொடிக்கு 22 என்று செவுள் அடங்கியது. இருபத்தாறாம் நாள் கிளிப்பில் மாட்டிய நோரியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டைமரை மாற்றிவிட்டேன். புதியது மின்சாரம் வந்ததும் அணைந்த நிலையிலேயே நிற்கும். விளக்கும் ஒரேயடியாக எரியாமல் அரை மணி நேரத்தில் மெல்ல ஏறும். இரவில் கூடத்தில் ஒரு சிறு விளக்கு எரிகிறது.

நாற்பதாம் நாள் தடுப்பை எடுத்தேன். கீழ்த்தாடை இடப்பக்கம் கோணலாகவே இறுகிவிட்டது. முன்கண்ணாடியை அந்த வாரம் வேண்டுமென்றே துடைக்காமல் விட்டிருந்தேன். முன்பெல்லாம் அதில் படியும் பாசியில் டாங் மேய்ந்த தடம் இரண்டு உதடும் சேர்ந்து பதித்த சிறு பிறைகளாக இருக்கும். இப்போது ஒவ்வொரு பிறையும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கண்ணாடி நெடுக, மேலிருந்து மணல் வரை, சாய்ந்த பிறைகள்.